ரோட்டுல வேலை நடக்குதா? பள்ளத்துக்கு முன்னாடியே சொல்லணும்! உயிரை காப்பாற்றும் 4 பகுதிகள்

கடலூர்: ராத்திரி 10 மணி ஷிப்ட் முடிந்து ஒருவர் டூவீலரில் வீட்டுக்கு கிளம்புகிறார். மதியம் வரும்போது நல்லா இருந்த ரோடு. இப்போ பாதி ரோட்டை காணோம். வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் இரண்டு கல், ஒரு மரக்கிளை, அதில் கட்டிய சிவப்பு துணி. அவ்வளவுதான் எச்சரிக்கை. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. துணி தெரியும்போது பள்ளமும் வந்துவிடுகிறது.

இப்படி விழுந்தவரை பார்த்து ஊரில் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான். "வேகமா வந்திருப்பான்". முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பள்ளம் இருப்பதை அவருக்கு எத்தனை மீட்டருக்கு முன்னால் சொன்னார்கள்?

ரோடு வேலை நடக்கும் இடத்தில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. எத்தனை மீட்டருக்கு முன்னால் சொல்லணும், எப்படி சொல்லணும், யார் சொல்லணும் என்பதற்கு நாட்டில் தெளிவான விதி இருக்கிறது. அந்த விதி ரோட்டில் போகிற நமக்கும் தெரிந்திருந்தால் கேள்வி கேட்க முடியும்.

நம்ம மாவட்ட மக்களுக்கு இது புது விஷயம் இல்லை. விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையை, சுமார் 165 கி.மீ. தூரத்துக்கு நான்கு வழியாக மாற்றும் வேலை 2018-ல் தொடங்கி வருடக்கணக்கில் இழுத்தது. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு பக்கம் உள்ளவர்களுக்கு மாற்றுப்பாதை, மண் ரோடு, புழுதி, பாதியில் நிற்கும் பாலம் எல்லாம் பழகிப்போன காட்சி. பழகிப்போனதுதான் ஆபத்தே.

தமிழகத்தில் 2023-ம் ஆண்டில் மட்டும் 67 ஆயிரத்து 213 சாலை விபத்துகள் நடந்தன. 18 ஆயிரத்து 347 பேர் பலியானார்கள். ஒரு நாளைக்கு 50 பேர். எல்லாமே ரோடு வேலையால் நடந்தது இல்லைதான். ஆனால் வேலை நடக்கும் ரோட்டில் நடக்கும் விபத்துகளை மத்திய அரசு தனது வருடாந்திர அறிக்கையில் தனி வகையாகவே கணக்கெடுக்கிறது. அந்த அளவுக்கு இது தனி பிரச்சினை.

வண்டி உடனே நிற்குமா?

பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நிற்காது. முதலில் கண் பார்க்கணும். மூளைக்கு புரியணும். கை, கால் பிரேக்குக்கு போகணும். இதற்கு இரண்டரை வினாடி என்று ரோடு இன்ஜினீயர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டரை வினாடியும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. வேகம் என்றால் சுமார் 80 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் 120 மீட்டருக்கு குறையாது. 100 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு சுமார் 180 மீட்டர். இது நல்ல ரோட்டில் போடும் கணக்கு. ஜல்லி சிதறிய ரோடு, மண் படிந்த ரோடு, மழை ஈரம் என்றால் இன்னும் கூடும்.

இப்போ இன்னொரு கணக்கு. டூவீலர் விளக்கை டிம்மில் வைத்தால் ரோடு தெளிவாக தெரிவது சுமார் 40, 50 மீட்டர் வரைக்கும்தான். 60-ல் போகிறவர் நிற்க வேண்டியது 80 மீட்டர். கண்ணுக்கு தெரிவது 50 மீட்டர். மீதி 30 மீட்டர் எங்கே போகும்? பள்ளத்துக்குள்தான் போகும்.

அதனால் பள்ளத்தின் விளிம்பில் வைக்கிற கல்லும் சிவப்பு துணியும் எச்சரிக்கையே இல்லை. எச்சரிக்கை என்றால் பள்ளத்துக்கு ரொம்ப முன்னால் இருக்கணும்.

விதி என்ன சொல்லுது?

இந்திய சாலை காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு 1934 முதல் இருக்கிறது. பெயரைப் பார்த்து கட்சி என்று நினைக்க வேண்டாம். ரோடு இன்ஜினீயர்கள் அமைப்பு. ரோடு எவ்வளவு அகலம், போர்டு எந்த கலர், பாலம் எப்படி என்று நாட்டில் எல்லா ரோட்டுக்கும் அளவு எழுதுவது இவர்கள்தான்.

வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்தணும் என்பதற்கு இவர்கள் தனி புத்தகமே போட்டிருக்கிறார்கள். எஸ்.பி.55 என்பது அதன் எண். 2001-ல் முதலில் வந்தது. 2014-ல் திருத்தி வெளியிட்டார்கள். அந்த புத்தகம் வேலை நடக்கும் ரோட்டை 4 பகுதியாக பிரிக்கிறது.

முதல் பகுதி - எச்சரிக்கை பகுதி. இங்கே ரோடு நல்லாவே இருக்கும். வேலை எதுவும் நடக்காது. போர்டு மட்டும் இருக்கும். முன்னால் வேலை நடக்கிறது, வேகத்தை குறை, ரோடு குறுகுது, இந்த பக்கம் திரும்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக சொல்லணும். வண்டிகள் 50 கி.மீ. வேகத்துக்குள் போகும் ரோடு என்றால் இந்த பகுதி சுமார் 100 மீட்டர் இருக்கணும். வேகம் கூட கூட நீளமும் கூடணும். 100 கி.மீ.க்கு மேல் வண்டிகள் பறக்கும் ரோட்டில் சுமார் 1 கி.மீ.க்கு முன்னாலேயே போர்டு ஆரம்பிக்கணும்.

இரண்டாவது - திருப்பும் பகுதி. வண்டிகளை அதன் பாதையில் இருந்து மெதுவாக பக்கத்து பாதைக்கு ஒதுக்கும் இடம் இது. கோன்களை சாய்வாக, வரிசையாக வைக்கணும். படாரென்று குறுக்கே பேரிகார்டு வைத்து அடைக்கக்கூடாது. நூறு கிலோ மூட்டை ஏற்றிய மினி லாரியை ஒரே வெட்டாக திருப்பினால் என்ன ஆகும்? சாயும். இல்லன்னா பக்கத்தில் வரும் டூவீலரை இடிக்கும். அதனால்தான் சாய்வு நீளமாக இருக்கணும். வேகமான ரோட்டில் இது மட்டும் 200 மீட்டர், 300 மீட்டர் வரை போகும்.

மூன்றாவது - வேலை நடக்கும் பகுதி. ஆட்கள், ஜேசிபி, ரோடு ரோலர் எல்லாம் இருக்கும் இடம். இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கோன் வரிசை முடிந்த உடனேயே ஆள் நின்று வேலை செய்யக்கூடாது. நடுவில் கொஞ்ச தூரம் காலியாக விடணும். பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டி உள்ளே புகுந்தாலும் அந்த காலி இடத்தில் நிற்கணும். அந்த இடத்தில் ஜல்லி கொட்டக்கூடாது. டிப்பர் லாரி நிறுத்தக்கூடாது. ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. நம்ம ஊரில் நிழல் தேடி சாப்பாட்டு தூக்கை திறப்பது பல நேரம் அந்த இடத்தில்தான்.

நாலாவது - முடியும் பகுதி. சுமார் 30 மீட்டர். வண்டிகள் பழைய பாதைக்கு திரும்பும் இடம். வேலை முடிந்தது, கட்டுப்பாடு முடிந்தது என்று போர்டு சொல்லணும்.

ரோடு வேலையில் ஈடுபடும் ஒப்பந்ததாரர் இதை செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்பது கிடையாது. மத்திய சாலை போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை விதிகளில் 112-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கு வழி விடுவது, போர்டு, தடுப்பு, விளக்கு, கொடிக்காரர் ஏற்பாடு செய்வது எல்லாம் ஒப்பந்ததாரர் பொறுப்பு. மண்வெட்டி வைப்பதற்கு முன்னாலேயே போக்குவரத்து திட்டத்தை இன்ஜினீயரிடம் காட்டி ஒப்புதல் வாங்கணும்.

கல்லும் மரக்கிளையும் ஏன் கூடாது?

கல் ஒளிராது. ராத்திரி கருப்பு ரோட்டில் கருப்பு கல் இருப்பது தெரியாது. அதுவே இன்னொரு விபத்துக்கு காரணம். வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடுவார்கள், கல்லை மட்டும் ரோட்டிலேயே விட்டுவிட்டு போவார்கள். மறுநாள் அதில் ஒருவர் ஏறுவார்.

பிளாஸ்டிக் கோன் மேல் வண்டி மோதினால் கோன் பறக்கும், ஆள் பிழைப்பார். கல் மேலும், கான்கிரீட் நிரப்பிய தார் டிரம் மேலும் மோதினால் ஆள் பறப்பார். இந்த வித்தியாசம் போதும்.

சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டுவதும் உண்டு. பகலில் பார்வைக்கு சரி. காற்றடித்தால் அறுந்து தொங்கும். பள்ளத்துக்கு பக்கத்தில் ரிப்பன் ஒரு அடையாளம் மட்டுமே, தடுப்பு கிடையாது.

ராத்திரிதான் சோதனை

ரோடு வேலை பாதுகாப்பை பகலில் போய் பார்த்தால் பாதிதான் தெரியும். ராத்திரி போய் பார்க்கணும்.

போர்டிலும் கோனிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்கு சொந்தமாக வெளிச்சம் கிடையாது. நம்ம வண்டி விளக்கு அதில் பட்டால் அந்த வெளிச்சத்தை வந்த வழியே நம்ம கண்ணுக்கு திருப்பி அனுப்பும். அதனால்தான் தூரத்தில் இருந்தே பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதன் மேல் புழுதி படிந்தால் வேலை செய்யாது. தினமும் ஒரு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பைசா செலவு இல்லை. ஆனால் வேலை நடக்கும் ரோட்டில் புழுதிக்கு பஞ்சமே இல்லாததால், துடைக்காத போர்டு ஒரே வாரத்தில் வெறும் தகரம் ஆகிவிடும்.

தொழிலாளர்கள் போடும் பச்சை மஞ்சள், ஆரஞ்சு சட்டைக்கும் இதே கதைதான். அந்த பளீர் நிறம் பகலிலும், பொழுது சாயும் நேரத்திலும் உதவும். ராத்திரியில் உதவுவது அந்த நிறம் இல்லை. சட்டையில் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டைதான். துவைத்து துவைத்து பட்டை உரிந்த சட்டையை ராத்திரி வேலைக்கு போட்டால் போட்டும் பலன் இல்லை.

ஆழமான பள்ளம், திரும்பும் இடம், பாலம் வேலை நடக்கும் இடங்களில் ஸ்டிக்கர் மட்டும் போதாது. மின்னும் விளக்கு வேண்டும். காரணம், எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் கண் கூசும்போது ஸ்டிக்கர் தெரியாது. சோலார் விளக்கு வைத்தால் திருடு போகிறது என்று சொல்வார்கள். திருடு போகிறது என்பதற்காக பள்ளத்தை இருட்டில் விட முடியாது. காவலுக்கு ஆள் போடணும்.

கொடிக்காரர் சும்மா நிற்கும் ஆள் இல்லை

ஒரு பக்கம் ரோடு போட்டுக்கொண்டு, மறுபக்கத்தில் இரண்டு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விடுவார்கள். இதற்கு இரண்டு முனையிலும் ஒரு ஆள் வேண்டும். கையில் சிவப்பு, பச்சை கொடி. இல்லன்னா ஒரு பக்கம் நில், மறுபக்கம் செல் என்று எழுதிய போர்டு.

வயதான ஒருவரையோ, வேறு வேலை தெரியாத புது ஆளையோ இதில் நிறுத்துவது பல இடத்தில் வழக்கம். உண்மையில் அந்த சைட்டில் ரொம்ப பொறுப்பான வேலை இதுதான். இரண்டு முனையும் ஒன்றை ஒன்று பார்த்தால் கையை காட்டியே வேலையை முடித்துவிடலாம். வளைவு, மேடு குறுக்கே இருந்தால் வாக்கிடாக்கி வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் ஒரு எளிய முறை இருக்கிறது. இந்த முனையில் இருந்து கடைசியாக விடும் வண்டிக்காரரிடம் ஒரு கொடியை கொடுத்து அனுப்புவார்கள். அந்த முனையில் இருப்பவர் கொடியை வாங்கிய பிறகுதான் அங்கிருந்து வண்டிகளை விடணும். கொடி வரவில்லை என்றால் இன்னும் வண்டி வருகிறது என்று அர்த்தம்.

கொடிக்காரர் நடு ரோட்டில் நிற்கக்கூடாது. வண்டிக்காரர் கண்ணுக்கு தெரிகிற மாதிரி ஓரத்தில் நிற்கணும். கட்டுப்படாமல் ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கணும். செல்போன் பேசிக்கொண்டு நிற்கக்கூடாது. அவருக்கு நிழலும், தண்ணீரும், மாற்று ஆளும் கொடுக்கணும். 8 மணி நேரம் சித்திரை வெயிலில் நிற்கும் ஆளிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

நம்ம பக்கம் ஒரு தப்பு இருக்கிறது. கொடிக்காரரை மதிப்பதே இல்லை. "அவன் கிடக்கான்" என்று ஓரத்தில் நுழைந்து போய், எதிரே பஸ் வந்ததும் நடுவில் மாட்டி, இரண்டு பக்கமும் அரை மணி நேரம் அடைத்து நிற்பது தினமும் நடக்கும் கூத்து.

ஊருக்குள் நடக்கும் வேலை

நெடுஞ்சாலையில் வேகம்தான் எமன். ஊருக்குள் வேறு கதை. இங்கே பாதாள சாக்கடை, குடிநீர் குழாய், கேபிள், கரண்டு என்று ஆளாளுக்கு தோண்டுவார்கள். வேலை சின்னது என்பதால் போர்டே வைக்க மாட்டார்கள்.

மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ரோட்டு மட்டத்துக்கு நிற்கும். அது பள்ளமா, தேங்கிய தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குள் ஒரு நாளைக்கு மேல் திறந்து கிடக்கும் பள்ளத்துக்கு ரிப்பன் போதாது. சுற்றி உறுதியான தடுப்பு வேண்டும்.

பழைய தாரை சுரண்டி எடுத்துவிட்டு புது ரோடு போடுவது நல்ல முறைதான். ரோடு உயர்ந்து வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் சுரண்டிய ரோட்டில் நீள நீளமாக கோடு விழுந்திருக்கும். டூவீலர் சக்கரம் அந்த கோட்டுக்குள் இழுக்கும். சாக்கடை மூடி மட்டும் மேடாக துருத்திக்கொண்டு நிற்கும். சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் புது தார் போடாமல் விடுவதுதான் ஆபத்து.

நடந்து போகிறவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நடைபாதையை தோண்டினால், பள்ளிக்கூட பிள்ளைகளும், தலையில் கூடை வைத்த பெண்களும் நடு ரோட்டில் இறங்கித்தான் நடக்கணும். வண்டிக்கு மாற்று வழி விடுவது போல நடப்பவர்களுக்கும் தடுப்பு வைத்து தனி வழி விடணும் என்பதும் விதிதான்.

இன்னொன்று. வேலை முடிந்த பிறகும் எடுக்காத போர்டு. "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்று ஆறு மாதமாக போர்டு நிற்கும். அங்கே ஒரு ஆளும் இருக்க மாட்டார். புலி வருது கதைதான். நாலு இடத்தில் ஏமாந்தவர் ஐந்தாவது இடத்தில் வேகத்தை குறைக்க மாட்டார். அங்கே நிஜமாகவே ஆள் நிற்பார்.

வேலை செய்பவர் உயிரும் உயிர்தான்

ரோட்டில் ஜல்லி அள்ளுபவரும், தார் ஊற்றுபவரும் நம்ம வீட்டு ஆட்கள். இல்லன்னா பிழைப்பு தேடி வடமாநிலத்தில் இருந்து வந்த யாரோ ஒரு வீட்டு ஆள். முதுகை காட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்பவருக்கு பின்னால் வரும் வண்டி தெரியாது.

அவர்களுக்கு ஆபத்து வெளி வண்டியால் மட்டும் வருவதில்லை. சைட்டுக்குள்ளேயே ரிவர்ஸ் எடுக்கும் டிப்பர், ரோலர் வண்டிகளாலும் வருகிறது. டிரைவருக்கு பின்பக்கம் தெரியாது. ரிவர்ஸ் சத்தம் வேலை செய்யணும். பின்னால் நின்று வழி காட்ட ஒரு ஆள் வேண்டும். ராத்திரி ரோலர் நிழலில், ரோட்டு ஓரத்தில் தொழிலாளர்கள் படுத்து தூங்குவதை அனுமதிக்கவே கூடாது.

ரோடு வேலையும் சட்டப்படி கட்டுமான வேலைதான். அதனால் ரோடு வேலை செய்பவர்களும் கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் விபத்து நடக்கும்போது குடும்பத்துக்கு உதவி கிடைக்கும். பதிவு இல்லாமல் தினக்கூலியாக போகிறவர்கள்தான் அதிகம்.

வண்டி ஓட்டுபவர் என்ன செய்யணும்?

* போர்டை பார்த்ததும் வேகத்தை குறைக்கணும். பள்ளத்தை பார்த்த பிறகு குறைக்கலாம் என்று நினைக்கக்கூடாது.

* ஜல்லி, மண், சுரண்டிய ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தி பிடித்தால் சறுக்கும். முன்கூட்டியே ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் மெதுவாக பிடிக்கணும். ஹேண்டிலை ஒடிக்கக்கூடாது.

* புது தார் ரோட்டுக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவில் படி மாதிரி இறக்கம் இருக்கும். அதில் சாய்வாக ஏற முயன்றால் சக்கரம் தடுக்கி விழ வைக்கும். நின்று, நேராக ஏறணும். இல்லன்னா சம மட்டம் வரும் வரை பொறுக்கணும்.

* மாற்றுப்பாதையில் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம். புழுதிக்குள் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது.

* கரும்பு டிராக்டர் ஓட்டுபவர்கள் டிரெய்லர் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். கரும்பு தோகை அதை மறைக்கக்கூடாது. குறுகலான மாற்றுப்பாதையில் விளக்கில்லாத டிரெய்லர் நிற்பதும், ரோட்டில் சுவர் எழுப்புவதும் ஒன்றுதான்.

* வேலை நடக்கும் இடத்தில் தடுப்பை நகர்த்தி குறுக்கு வழி போடக்கூடாது. நீங்கள் நகர்த்திய தடுப்பு, ராத்திரி அடுத்து வருபவருக்கு குழி.

* பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது பின்னால் இருப்பவர்தான்.

சட்டம் யார் மேல் பாயும்?

ரோட்டு பள்ளங்களால் 2013 முதல் 2017 வரை நாட்டில் 14 ஆயிரத்து 926 பேர் இறந்த கணக்கை பார்த்து 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதிர்ச்சி தெரிவித்தது. எல்லையில் இறப்பவர்களை விட இது அதிகமாக இருக்கும்போல என்று கோர்ட் வேதனைப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டில் இந்த சாலை பாதுகாப்பு வழக்கை 2012-ல் போட்டவர் நம்ம கோவையை சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2014-ல் நாடு முழுவதும் சாலை பாதுகாப்பை கண்காணிக்க கமிட்டி போடப்பட்டது.

2019-ல் மோட்டார் வாகன சட்டத்தில் 198ஏ என்ற புது பிரிவு வந்தது. ரோட்டை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் ஆகியோர் பாதுகாப்பு விதியை மீறி, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ ரூ.1 லட்சம் வரை அபராதம். அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாரும் இதற்கு விலக்கு இல்லை. கோடிக்கணக்கில் கான்டிராக்ட் எடுப்பவருக்கு ஒரு லட்சம் ஒரு பணமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த பிரிவு வந்த பிறகு, தப்பு வண்டி ஓட்டியவர் மேல் மட்டும் என்று சொல்லி முடித்துவிட முடியாது.

கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை தண்டனை உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்த சட்டம் அமலில் இருக்கிறது. இது வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் எழுதிய பிரிவு இல்லை. பள்ளத்தை திறந்து போட்டவருக்கும் பொருந்தும்.

ரோடு சரியில்லை என்றால் சுங்கக்கட்டணத்தில் கோர்ட் கை வைத்ததும் உண்டு. மதுரவாயல் - வாலாஜாபேட்டை ரோடு மோசமாக கிடந்தபோது 50 சதவீத கட்டணம் மட்டுமே வசூலிக்கணும் என்று 2020 டிசம்பரில் சென்னை ஐகோர்ட் உத்தரவு போட்டது. கேரளாவில் திருச்சூர் பக்கம் பாலியக்கரா சுங்கச்சாவடியில், ரோடு வேலையால் மணிக்கணக்கில் வண்டிகள் நின்றதால் 2025 ஆகஸ்டில் கேரள ஐகோர்ட் வசூலையே நிறுத்தி வைத்தது. சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது.

பலருக்கு தெரியாத ரூ.15 லட்சம்

இன்னொரு வண்டி மோதினால் அந்த வண்டியின் இன்சூரன்சில் நஷ்டஈடு கேட்கலாம். பள்ளத்தில் தானாக விழுந்தவருக்கு? மோதிய வண்டி இல்லையே, ஒன்றும் கிடைக்காது என்று பல குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன.

வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும்போது வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்து காப்பீடும் சேர்ந்திருக்கும். 2018-ல் இதன் தொகை ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வண்டி சொந்த பெயரில் இருந்து, லைசென்ஸ் இருந்து, இந்த காப்பீட்டுக்கு பணம் கட்டியிருந்தால், பள்ளத்தில் தானாக விழுந்து இறந்தாலும் குடும்பத்தினர் கேட்கலாம். இன்சூரன்ஸ் போடும்போது சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உங்கள் பாலிசி பேப்பரை இன்றே எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்தால் போலீஸ் புகாரில் "நிலைதடுமாறி விழுந்தார்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். பள்ளம் இருந்தது, போர்டு இல்லை, விளக்கு இல்லை, தடுப்பு இல்லை என்பதையும் எழுத சொல்லுங்கள். அன்று ராத்திரியே செல்போனில் அந்த இடத்தை போட்டோ எடுங்கள். மறுநாள் காலையில் போனால் புது கோன், புது ரிப்பன் எல்லாம் பளபளவென்று வந்திருக்கும்.

யாரிடம் சொல்வது?

முதலில் அது யார் ரோடு என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். மாநில நெடுஞ்சாலைத்துறை ரோட்டில் உள்ள பள்ளத்தை போட்டோ எடுத்து அனுப்ப 2023-ல் "நம்ம சாலை" என்ற செயலியை அந்த துறை கொண்டுவந்தது. ஊருக்குள் என்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து அலுவலகம். சென்னை மாநகராட்சிக்கு 1913. எங்கே சொல்வது என்றே தெரியவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

வேலை நடக்கும் இடத்தில் வேலையின் பெயர், மதிப்பு, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்கும் தேதி எழுதிய போர்டு வைத்திருப்பார்கள். அதையும் போட்டோ எடுத்து மனுவில் சேருங்கள். போர்டு இல்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை சட்டத்தில் கேட்டு வாங்கலாம். போக்குவரத்து பாதுகாப்புக்கு ஒப்புதல் வாங்கிய திட்டத்தின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகன சட்டம் 134ஏ பிரிவு உதவி செய்பவருக்கு பாதுகாப்பு தருகிறது. பெயரை சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மை காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை என்பதுதான் அதன் நோக்கம். பணம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம்.

ரோடு வேலை நடக்கட்டும். நல்ல ரோடு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் கோடிகளில் போடும் ரோட்டில் கோனுக்கும், போர்டுக்கும், இரண்டு கொடிக்காரர்களுக்கும் ஆகும் செலவு ரொம்ப ரொம்ப சின்னது. உங்க தெருவில், உங்க ஊர் ரோட்டில் நாளைக்கு யாராவது தோண்ட வந்தால், அங்கே நிற்கும் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போர்டு எத்தனை மீட்டருக்கு முன்னாடி வெச்சிருக்கீங்க சார்?"